நிழலுக்குப் பத்திரிகை வைத்தவள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா ஆத்துக்குக் கேட்டுரும், அது முந்திக்கிட்டு முடிவைச் சொல்லிப்போடும்.

புன்னைத்துறைப் புதுப்பாலத்தில் வந்து தென்கரைப் பக்கம் இறங்கும்போது, ரோடு நேரே போகாமல் ஒரு கல்யாண முருங்கை மரத்தைச் சுற்றி வளைந்து போவதைப் பார்த்திருப்பீங்க. லாரிக்காரன் வைதுகொண்டேதான் ஸ்டியரிங்கை ஒடிப்பான், ஆனாலும் அந்த மரத்தில் ஒரு கொப்பைக்கூட இதுவரைக்கும் யாரும் வெட்டினது கிடையாது. மரம் ஏன் நிற்குது என்பதும், பாலம் ஏன் அந்த இடத்தில் வந்தது என்பதும் ஒரே கதைதான். அது பந்தல்கார உலகம்மாளுடைய கதை.

அப்போது ஊருக்கு ஒரே பாலம், வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை வண்டி போவதற்குக் கட்டினது. ஒரு பஸ் ஏறிவிட்டால் எதிரே வருகிற சைக்கிள்காரன்கூட வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கணும். ஆஸ்பத்திரியும் பஸ் ஸ்டாண்டும் கல்யாண மண்டபங்களும் வடகரையில், ரயிலடியும் அரிசி மில்லும் பாதிச் சனமும் தென்கரையில். அந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டு பரீட்சையைத் தவறவிட்டவன் உண்டு, பால் திரிந்துபோய் ஆற்றில் கொட்டின பால்காரன் உண்டு, முகூர்த்தம் தப்பிவிடும் என்று பஸ்ஸுக்கும் கரும்பு லாரிக்கும் நடுவில் நின்றபடியே தாலி கட்டின மாப்பிள்ளையும் உண்டு. கண்டக்டர் ஊதின விசில்தான் அந்தக் கல்யாணத்துக்கு நாதஸ்வரம்.

உலகம்மாளின் புருசன் சங்கரபாண்டி அந்தப் பாலத்தின் மேலேதான் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலிக்குது என்றவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். முன்னால் ஒரு வைக்கோல் லாரி, எதிரே ஒரு பஸ், ரெண்டு பேரில் எவன் பின்னுக்குப் போவது என்று சண்டை. ஆஸ்பத்திரிக் கட்டடம் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. மடியில் கிடந்த மனுசன், "வழி விட்டாச்சா?" என்று கேட்டார். "விட்டாச்சு" என்று சொன்னாள். அவரிடம் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பந்தல் தொழிலை அவளே நடத்தினாள். கம்பும் கீற்றும் தகரமும் ஜமக்காளமும் அண்டாவும் அவள் வீட்டு வளவில் அடுக்கிக் கிடக்கும். ஊரில் கல்யாணமோ கருமாதியோ, உலகம்மாள் கால் ஊன்றினால்தான் நிழல். "அரிசி விக்கான், துணி விக்கான், நான் நிழலு விக்கேன்" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

இப்படி இருக்கையில், ரெண்டாவதாக ஒரு பாலம் போடுவது என்று மேலே முடிவானது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து இன்பசேகர் என்று ஒரு என்ஜினியர் வந்தார், மூணுகால் கருவியை மணலில் நட்டு ஒற்றைக் கண்ணால் அக்கரையைப் பார்த்தார், ஆபீசுக்குப் போய்ப் பெரிய தாளில் ஒரு கோடு போட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் ஆற்றில் பாலத்தின் நிழல் விழுந்து கிடந்தது.

மேலே ஒன்றும் கிடையாது. வெறும் வானம், ரெண்டு கொக்கு. கீழே தண்ணீரிலும் மணலிலும், தூணும் கைப்பிடிச் சுவரும் விளக்குக் கம்பமுமாக, அக்கரை தொட்டு இக்கரை வரைக்கும் ஒரு முழுப் பாலத்தின் நிழல். காலையில் மேற்கே சாயும், உச்சியில் நேரே கிடக்கும், சாயங்காலம் கிழக்கே நீளும்.

முதலில் எருமைகள் வந்து அதில் படுத்தன. எருமை படுத்த இடத்தில் மனுசன் உட்காரப் பயப்படுவானா? நுங்கு விற்கிறவள் கடையை அங்கே மாற்றினாள். துணி உலர்த்துகிறவர்கள், வெயிலை மறைக்குது என்று முனகிக்கொண்டு நாலு எட்டுத் தள்ளிக் கயிறு கட்டினார்கள். அகலம் பத்தாது என்று ஒரு கூட்டம் வேட்டியை அவிழ்த்துப் போட்டு அளந்தது. பாலத்துக்கு யார் பேர் வைப்பது என்று சண்டை வந்து, ரெண்டு ரிட்டயர்டு வாத்தியார்கள் பேச்சை விட்டார்கள், ஆனாலும் அதே நிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிற சனம் கட்டுச்சோற்றை அங்கேதான் பிரிக்கும். பாலம் வருவதற்கு முந்தியே ஊர் அதற்கு அடியில் குடியேறிவிட்டது.

போகப்போக அந்த நிழலின் மேலே வண்டிகளின் நிழலும் ஓட ஆரம்பித்தது. பஸ் போகும், சைக்கிள் போகும், தலையில் கூடையோடு ஒருத்தி கையை வீசிக்கொண்டு போவாள். ஒருநாள் மத்தியானம் உலகம்மாள் படித்துறையில் கால் கழுவிக்கொண்டு நிற்கும்போது ஒரு ஆட்டோவின் நிழல் தென்கரையிலிருந்து விருட்டென்று வந்தது.  அந்த ஆட்டோ நடுப்பாலத்துக்கு வந்தது, நிற்கவில்லை, அதே ஓட்டமாக ஓடி வடகரையில் ஏறி மறைந்தது. செம்பில் இருந்த தண்ணீர் சிந்தினதுகூடத் தெரியாமல் அவள் நின்றாள். இந்தப் பாலம் வந்தே தீரணும் என்று அவள் நெஞ்சில் விழுந்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்லணும். ஆபீசுத் தாளில் இருந்த கோடும் ஆற்றில் இருந்த நிழலும் ஒட்டிப் பிறந்ததுகள். நிழல் ஒரு முழம் நகர்ந்தால் மறுநாள் கோடும் அதே கணக்குக்கு நகர்ந்திருக்கும். என்ஜினியர் முதலில் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், பிறகு வேறு தாளை மாற்றிப் பார்த்தார், பிறகு அதற்கும் பழகிப்போய், தினமும் காலையில் ஆற்றைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போகிற மனுசனாக ஆகிவிட்டார்.

நிழலின் தென்கரை முனை வந்து விழுந்த இடம் மில் திரவியம் அண்ணாச்சியின் பொட்டல். முன்னே தோப்பாக இருந்து, மரம் பட்டுப்போய், இப்போது முள் முளைத்துக் கிடக்கிற இடம்தான். ஆனால் அண்ணாச்சி அதை மனை போட்டு, 'திரவியம் நகர்' என்று வளைவு வைத்து, தன் பேருக்குக் கீழே ரெண்டு யானைச் சிலை வைக்கணும் என்று நினைத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. கோயிலுக்குக் கொடுப்பார், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார், தன் பேர் எழுதாத இடத்துக்கு மட்டும் கொடுக்க மாட்டார்.

"எவன் நிழலு எவன் எடத்துல விழுகது?" என்று கேட்டு, கட்டட வேலை நடக்கிற இடத்தில் கண்ணேறு கழியத் தொங்கவிடுகிற பூசணிக்காய் ஒன்றை வாங்கி, கோரப்பல்லும் முட்டைக்கண்ணும் வரைந்து, பொட்டலின் ஆற்றோரத்தில் கம்பு நட்டுத் தொங்கவிட்டார். நிழல் ரோசமுள்ளது. வாசலில் அப்படியொரு மூஞ்சியை வைத்தால் எந்த விருந்தாளி வருவான்? மறுநாள் அது கீழ்ப்பக்கம் நகர்ந்து பஞ்சு குடோனில் போய்க் கிடந்தது. குடோன்காரரும் பூசணிக்காய் வாங்கினார். அங்கேயிருந்து சினிமா கொட்டகை, அங்கேயிருந்து செங்கல் சூளை. போகிற இடமெல்லாம் பூசணிக்காய் பல்லைக் காட்டியது.

எல்லாருக்கும் பாலம் வேணும், அது பக்கத்து இடத்தில் வரணும். அந்தக் காலத்தில் புன்னைத்துறைச் சந்தையில் பூசணிக்காய் மருந்துக்குக்கூடக் கிடைக்காது. கல்யாண வீட்டுச் சாம்பாரில் பூசணித் துண்டைப் பார்த்தே பல மாசம் ஆகியிருந்தது.

விரட்ட விரட்ட நிழல் வெளுத்தது, பல தடவை துவைத்த கறுப்புச் சேலை மாதிரி. முதலில் விளக்குக் கம்பங்கள் போயின, பிறகு கைப்பிடிச் சுவர் போனது, மேலே ஓடின வண்டிகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஆபீசுத் தாளில் கோடு, பூனை மீசை கணக்காய் மெலிந்திருந்தது. கடைசியில் போக்கிடம் இல்லாமல் அந்த நிழல் பூசணிக்காய் கட்டாத ஒரே இடத்தில் வந்து சுருண்டு படுத்தது. அது ஆத்தோரத் தெரு. உலகம்மாளின் தெரு. ஓட்டு வீடும் ஓலை வீடுமாக நெருக்கியடித்துக் கிடக்கிற தெரு.

தெரு முழுக்க உலகம்மாளின் வளவில் கூடிவிட்டது. ஆட்டோ ஓட்டுகிற மாசானம் கையில் ஒரு பூசணிக்காயோடு நின்றான். வெளியூர்ச் சந்தைக்குப் போய் வாங்கி வந்திருந்தான்.

"சித்தி, ஒரு கம்பு குடுங்க. இதைக் கட்டிருவோம்."

"கட்டினா அது எங்கடா போகும்?"

"எங்கயும் போகட்டும். நம்ம வீட்டு மேல ஏன் படுக்கணும்?"

"இனி போறதுக்கு எடம் இல்லலே. பாரு அதை, சொகமில்லாத பிள்ளை மாதிரி கெடக்கு. இன்னொரு தடவை வெரட்டினா ஊரை விட்டே போயிரும்."

பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "அப்பம் நாங்க வீட்டை விட்டுப் போகணும், அப்படித்தானே மதினி? ஒங்களுக்கு என்ன, கம்பும் கீத்தும் இருக்கு, எங்கயும் பந்தல் போட்டு இருந்துக்கிடுவீய."

எல்லாரும் சிரித்தார்கள், உலகம்மாளும் சிரித்தாள். 

வாசலில் என்ஜினியர் நின்றுகொண்டிருந்தார். "அம்மா, தை கடைசியில பெரிய அதிகாரி வர்றார். நிழல் எங்க இருக்கோ அங்க கல்லு நட்டுடுவாங்க. நிழலே இல்லன்னா திட்டம் வேற ஊருக்குப் போயிடும். அந்தப் பொட்டல்லதாம்மா ஆறு ஒடுக்கம், தரை கெட்டி. ஒரு குடிசைகூடக் கிடையாது. நான் அங்கதான் கோடு போட்டேன். அது நிக்க மாட்டேங்குது."

"நீங்க கோடு போட்டீங்க தம்பி. வான்னு யாரு கூப்பிட்டா?" என்றாள் உலகம்மாள். அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கே அப்போது பாதிதான் விளங்கியிருந்தது. மாசானத்திடம், "கல்லு நடுததுக்கு மொத நாள் வரைக்கும் பொறுத்துக்கோடா. அதுக்குள்ள ஒண்ணும் நடக்கலைன்னா நானே கம்பு தாரேன்" என்றாள். வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பாலம் போகும், இல்லையென்றால் தெரு போகும், ரெண்டில் எது போனாலும் பழி அவள் தலையில்.

அந்த வாரத்திலேயே திரவியம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அவர் ஒரே மகள் செண்பகவல்லிக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோவில்பட்டி, ரயிலில் வந்து தென்கரையில்தான் இறங்குவார்கள். பழைய பாலத்தை நம்பி வடகரை மண்டபத்துக்குக் கூட்டிப்போனால் முகூர்த்தம் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும்.

"பொட்டல்ல பந்தல் போடணும் உலகு. இந்த ஜில்லாவுல எவனும் பாத்திருக்கக் கூடாது."

"போட்டுருவோம் அண்ணாச்சி. ஆனா வாசல்ல அந்த மூஞ்சி தொங்குதே. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து எறங்குத நேரத்துல நேரே அது பல்லைக் காட்டினா நல்லாவா இருக்கும்? மகாலச்சுமி வாசல் வரைக்கும் வந்துட்டு, யாரு வீடோன்னு திரும்பிப் போயிருவா."

அண்ணாச்சி தாடையைத் தடவினார். "கல்யாணம் முடியட்டும், திரும்பக் கட்டிக்கிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பூசணிக்காயைக் கழற்றச் சொன்னார்.

பந்தக்காலுக்கு அவள் மூங்கில் வெட்டவில்லை. ஆற்றோரம் நின்ற கல்யாண முருங்கையில் பச்சை குறையாத, தொடைத் தண்டி உள்ள ஒரு கிளையாகப் பார்த்து, அதனிடம் சொல்லிவிட்டு வெட்டினாள். நல்ல நாள் பார்த்து, ஆழமாய்க் குழி தோண்டி, அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் மகளும் மஞ்சள் தடவிப் பால் ஊற்றி அதை நட்டார்கள். அண்ணாச்சி கையாலேயே மண் தள்ளினார். பந்தக்கால் நட்டாச்சு என்றால் பிறகு சாவு விழுந்தாலும் கல்யாணம் நிற்காது, நட்ட காலை யாரும் அசைக்கக் கூடாது. இது தெரியாத மனுசன் அந்தச் சீமையில் இல்லை. வேலைக்கு வந்துபோகிற நாளெல்லாம் உலகம்மாள் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். தூசி அடங்க ஊற்றுகிறாள் என்று ஆட்கள் நினைத்தார்கள்.

பிறகு செண்பகவல்லியிடம் போய், "தாயி, மிஞ்சின பத்திரிகையில ஒண்ணு குடு" என்றாள்.

"யாருக்கு அத்தை?"

"ஒரு சொந்தம் விட்டுப்போச்சு."

அந்தப் பிள்ளை எடுத்துக்கொடுத்தது. உலகம்மாள் தலை குளித்து, புதுச்சேலை உடுத்தி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் பூவும் பத்திரிகையும் வைத்து எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் நிழல் படுத்திருந்த இடத்துக்குப் போனாள். பிச்சம்மாளும் மாசானமும் தெருச்சனமும் பின்னாலேயே போனார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏனென்றால், நேரில் வந்து அழைக்கவில்லை என்று சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள்.

அவள் குனிந்து நிழலின் நெற்றியென்று பட்ட இடத்தில் சந்தனம் வைத்தாள். "இந்த ஊருல எல்லாருக்கும் ஒன்னைய வேணும். ஆனா வான்னு ஒரு வாய் யாரும் சொல்லல, அது தப்புத்தான். திரவியம் அண்ணாச்சி மக கல்யாணம், பொட்டல்ல. மொத நாளே வந்திரணும். வந்திருந்து, பக்கத்துல நின்னு நடத்திக் குடுக்கணும். கால் நட்டிருக்கு, கூரை போடல. கூரை நீதான்."

மாசானத்துக்குக் கூரை என்ற சொல்லைக் கேட்டதும்தான் திக்கென்றது. "சித்தி, பந்தலுக்கு மேல ஒண்ணுமே போடலியா?"

"போட்டா அது எங்கடா படுக்கும்?"

கல்யாணத்துக்கு முந்தின நாள் நிழல் வரவில்லை. தெருவிலும் இல்லை, ஆற்றிலும் இல்லை. விடிந்தது. கால்களும் வாழைமரமும் தோரணமும் பக்கவாட்டில் மறைக்கிற சீலைகளும் மணவறையும் தயார், அண்ணாந்து பார்த்தால் வானம். அதுவரைக்கும் மதுரையிலிருந்து புதுத்துணி வருது என்று சொல்லிச் சமாளித்திருந்தாள். கோவில்பட்டி ரயில் வந்தது, சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், வெயிலும் வந்து அவர்கள் தலையில் உட்கார்ந்தது. பட்டுச் சட்டை முதுகில் ஒட்டியது. பெரியவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணாச்சி உலகம்மாளைத் தேடி வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. "எங்க கூரை?"

"வருது அண்ணாச்சி."

"எங்க வருது? என் மானம் போகுது உலகு. சம்பந்தி மண்டை காயுது அங்க. இனிமே நீ இந்த ஊருல ஒரு கம்பு நட முடியாது, தெரிஞ்சுக்கோ."

அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  புருசன் கேட்ட கேள்வி காதில் ஓடியது, வழி விட்டாச்சா, வழி விட்டாச்சா. நாதஸ்வரக்காரர் தாலிகட்டுக்கு மேளக்காரருக்குச் சைகை காட்டினார். அப்போது வடகரை மணலில் ஒரு கறுப்பு எழுந்தது. தண்ணீரில் இறங்கியது, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிற பொம்பளை மாதிரி பைய வந்தது, கரையேறியது, பந்தக்காலைத் தொட்டது, பந்தல் முழுக்க விரிந்து படுத்தது. வெளுப்பெல்லாம் எங்கே போனதோ, மழைமேகக் கறுப்பு. விளக்குக் கம்பம் இருந்தது, கைப்பிடிச் சுவர் இருந்தது. அத்தனை தலையும் ஒன்றாகக் குளிர்ந்தது. கெட்டிமேளம் கொட்டியது.

தாலி ஏறினதும் சம்பந்திக்காரர் அண்ணாந்து பார்த்தார், குனிந்து தரையில் தூண்களின் நிழலைப் பார்த்தார், விசாரித்தார். கல்யாணத்துக்கு வந்திருந்த என்ஜினியர், பாலம் இந்த இடத்தில்தான் இறங்கப்போகிறது என்று விளக்கிச் சொன்னார். மனுசன் எழுந்து வந்து எல்லார் முன்னாலும் அண்ணாச்சியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்குப் பாலம் வரட்டும்னு சொந்த இடத்தைக் குடுத்த வீட்டுல பொண்ணு எடுத்திருக்கோம். எங்க சனத்துக்கு இதுக்கு மேல என்ன பெருமை வேணும்?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "அது... நம்ம கடமைதானே" என்றார். சனம் கை தட்டியது. அவர் முகத்தில் சந்தோசமும் வயிற்றெரிச்சலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, உலகம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கைதட்டு ஓய்ந்தால் மனசு மாறும் என்று அவளுக்குத் தெரியாதா? அதனால்தான் மறுவீடு புறப்பட்ட செண்பகவல்லியை நிறுத்தி, அவள் கையாலேயே பந்தக்காலுக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற வைத்தாள். "இது தளிர்த்தா ஒன் குடும்பமும் தளிர்க்கும் தாயி. அப்பாட்ட சொல்லிட்டுப் போ, பாத்துக்கிடச் சொல்லி." பிள்ளை அழுதுகொண்டே சொல்லிவிட்டுப் போனது.

உலகம்மாளின் ஆட்கள் பந்தலைப் பிரித்தார்கள். கம்பும் சீலையும் நாற்காலியும் வண்டியில் ஏறின. முருங்கைக் கால் மட்டும் நின்றது. நிழல் அதன் காலடியில் கன்றுக்குட்டி மாதிரி படுத்திருந்தது. பெரிய அதிகாரி கல் நட வருவதற்கு முந்தின நாள் காலையில் அண்ணாச்சி வந்தார், கையில் புதுப் பூசணிக்காய், புது மூஞ்சி.

"உலகு, அந்தக் காலையும் பிடுங்கிப் போட்டுரு."

"பிடுங்கிருவோம் அண்ணாச்சி. இந்தா, வந்து ஒரு கை பிடிங்க. நட்ட கைதானே பிடுங்கணும்."

அவர் கிட்டே வந்தார். கணுவில் ஒரு துளிர். குழந்தை நாக்கு கணக்காய்ச் சின்னதாய், பளபளப்பாய், பச்சையாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று கண் விழித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். விரலைக் கிட்டே கொண்டுபோனார், தொடவில்லை. மகள் மஞ்சள் தடவின இடம் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது.

"தளிர்த்திருக்கே" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே பிடுங்கிருதேன்."

அவர் நீட்டின விரலை மடக்கிக்கொண்டார். பிறகு, "ரோடு வந்தாலும் இதைத் தொடாம போகச் சொல்லு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பாலத்து வாசல் வளைவுல என் பேரை எழுதுவானா?"

"எழுதச் சொல்லுதேன்."

அண்ணாச்சி திரும்பி நடந்தார். நாலு எட்டு போனவர், கையில் இருப்பதை அப்போதுதான் பார்த்தவர் போல நின்று, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்.

உலகம்மாள் போய் அந்தப் பூசணிக்காயை அவர் கையிலிருந்து பதவிசாக வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய், கோரப்பல்லும் முட்டைக்கண்ணும் தோலோடு போக வழித்துச் சீவி, அரிவாள்மணையில் வைத்துத் துண்டு போட்டு, கல்யாணத்து அண்டாவிலேயே மோர்க்குழம்பு வைத்து ஆத்தோரத் தெரு முழுக்க வீடு வீடாக ஊற்றினாள். மிஞ்சினதை ஒரு தூக்குச் சட்டியில் மூடி எடுத்துக்கொண்டு, சூடு ஆறுமுன்னே திரவியம் அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டினாள்.